முந்தானைக்குள் ஒரு படம்

அமெரிக்காவில் பிரிம்ஃபீல்ட் பழம்பொருள் சந்தையில் ஒரு பெரியவரின் மேசையில், பீங்கான் தட்டுகளுக்கு நடுவே கிடந்தது. மடித்து வைத்திருந்தால் கேமரா என்றே தோன்றாது. தலைப்பகுதியைப் பிடித்துத் தூக்கினேன், ‘டக்’கென்று நிமிர்ந்து நின்றது. பழுப்புத் தோல், வெள்ளி மினுமினுப்பு. போலராய்டு எஸ்எக்ஸ்-70! எடுத்த படத்தை அப்போதே வெளியே தள்ளும் கேமரா. போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்ட் 1972-இல் உலகத்துக்குக் காட்டியது. அன்றைக்கே விலை 180 டாலர்.

“ஓடுமா?” என்றேன். தெரியாது என்றார். உள்ளே ஃபிலிம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாதுதான், ஏனென்றால் இதற்கு பேட்டரி ஃபிலிம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு புதுப் பெட்டியோடும் புது மின்சாரம். ஐம்பது வருடமாகியும் பேட்டரி கசிந்து உள்ளே அரித்துப்போகாததற்கு அதுதான் காரணம். ஆனால் அதுவே ஆபத்தும்கூட. 2008-இல் போலராய்டு ஃபிலிமை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, இந்தக் கேமராக்களுக்குப் படமும் போய் உயிரும் போகவிருந்தது. நெதர்லாந்தில் என்ஸ்கெடே ஊரிலிருந்த போலராய்டு தொழிற்சாலையின் இயந்திரங்களை இம்பாசிபிள் புராஜெக்ட் குழுவினர் வாங்கி, ஃபிலிமின் ரசாயனத்தைப் புதிதாகவே உருவாக்கினார்கள். அவர்களுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

இதைக் கண்ணாடி அலமாரியில் மட்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. அழகுக்கு அது தகும். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. படத்தை வெளியே தள்ளும் உருளைகளில் காய்ந்து ஒட்டியிருந்த பழைய ரசாயனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். எட்டுப் படப் பெட்டியைச் செருகி முன்கதவைச் சாத்தியதும், ஃபிலிமை மூடியிருந்த மேலட்டை ‘ர்ர்ரீங்’ என்று வெளியே வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு கேமரா வாங்கலாம்.

அப்போது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். எடுக்கும்போது இந்த ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன்.

“என்னடா, ஒண்ணுமே விழலையே?”

“படம் தெளியுற வரைக்கும் வெளிச்சம் படக்கூடாதும்மா. மூடி வை.”

முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். குளிர் பட்டாலும் நிறம் நீலம்பாரித்துவிடும், அதனால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கால்மணி நேரத்துக்குள் நாலு தடவை எட்டிப் பார்த்தாள். முதலில் முடியின் கறுப்பு, பிறகு கண், கடைசியாகப் புடவையின் அரக்கு.

நெகட்டிவ் இல்லை. உலகத்திலேயே அந்த ஒன்றுதான். ஊருக்குத் திரும்பும்போது கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது மதுரையில், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறதாம். என்னிடம் இருக்கும் பெட்டியில் இன்னும் ஏழு மிச்சம்.