திங்கக்கெழம தாங்குமாங்க சார்?

டையிங் மெஷினுக்கு நான் வாங்கின புது ஸ்டீம் ட்ராப்ப பாத்து பாய்லர் ஓட்டற அண்ணா கேட்டது அவ்ளோதான். ட்ராப்னா ஸ்டீம வெளிய விடாம, அது ஆறி ஆன தண்ணிய மட்டும் வெளிய விடற வால்வு. "தாங்கும்ணா, கணக்கு போட்டுத்தான் வாங்கியிருக்கு"ன்னு நான் சொன்னேன். கொஞ்சம் எகத்தாளமா சொன்னேனோன்னு இப்பவும் தோணுது.

கணக்குல தப்பில்லைங்க, அத மொதல்ல சொல்லிடறேன். டையிங் மெஷின்ல 2000 லிட்டர் தண்ணி, 30 டிகிரிலருந்து 90க்கு ஏத்த 1,20,000 கிலோ கலோரி. 3 பார் பிரஷர்ல இருக்கற ஸ்டீம் ஒரு கிலோ, தண்ணியா மாறுறப்ப சுமாரா 510 கிலோ கலோரி விடும், வகுத்தா 235 கிலோ கண்டன்சேட், அதாவது ஸ்டீம் ஆறி வர்ற தண்ணி. அரை மணில ஏத்தணும், ஆக மணிக்கு 470. பழைய ட்ராப்ப கழட்டிட்டு மணிக்கு 500 கிலோ தள்ற ட்ராப் போட்டேன், மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டினாங்க.

ஆனா 470ங்கறது சராசரி. தண்ணி பச்சையா இருக்கப்ப ஸ்டீமுக்கும் அதுக்கும் 113 டிகிரி வித்தியாசம், சூடு ஏறுனப்புறம் 53தான், அப்ப ஆரம்பத்துல கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கொட்டும், ஞாயித்துக்கெழம ஆறிக்கெடந்த இரும்பு வேற தனியா குடிக்கும். ஸ்டீம் அவ்ளோ வேகமா தண்ணியானா எக்ஸ்சேஞ்சர்ல, அதாவது ஸ்டீமோட சூடு மெஷின் தண்ணிக்கு மாறுற எடத்துல, பிரஷரே நிக்காது, கேட்டலாக்ல போட்ட 500 கிலோவோ ட்ராப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் 3 பார் பிரஷர் வித்தியாசம் இருந்தாத்தான். கண்டன்சேட்ட திருப்பிக் கொண்டுபோற நம்ம ரிட்டர்ன் லைன் 4 மீட்டர் மேல ஏறுது, அதுக்கே 0.4 பார் போயிடும். தண்ணி அதிகமா வர்ற நேரத்துலதான் தள்றதுக்கு தெம்பு இல்ல.

திங்கக்கெழம மொத பேட்ச்லயே, வெளிய போகாம தேங்கின தண்ணி டம்மு டம்முன்னு அடிச்சு, பைப் ஜாயிண்ட்ல இருக்கற ஃப்ளேஞ்ச் கேஸ்கட் பிச்சுக்கிச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ஒரு நிமிஷம் முன்னாடி பாய்லர் அண்ணா அங்கதான் குனிஞ்சு நின்னாரு.

அப்புறம் பெரிய ட்ராப் போட்டோம். சத்தம் கொறஞ்சுது, முழுசா நிக்கல. அப்ப ட்ராப் மட்டும் காரணமில்ல, மேல ஏறுற அந்த ரிட்டர்ன் லைன் நான் வர்றதுக்கு முன்னாடியே போட்டது, அதுக்கு நான் என்ன பண்றது? இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கிறேன். ஆனா "ஏண்ணா கேக்கறீங்க?"ன்னு ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருந்தா அந்த லைனையும் அவரே காட்டியிருப்பாரு.

அடுத்த மெஷினுக்கு ட்ராப் மாத்தறப்ப நானே போய், "இது தாங்குமாண்ணா?"ன்னு கேட்டேன். பீடிய அணச்சுட்டு, "நீங்க கணக்கு போட்டா சரியாத்தான் இருக்குங்க சார்"ன்னுட்டு போயிட்டாரு.