புண்ணுக்கு ஈரம் வைத்துக் கட்டுவது பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் புண்ணுக்கு வைத்தியம் என்றால் நெடுங்காலமாக ஒரே முறைதான்: டிரஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) மஞ்சள் மருந்தைத் தடவி, காஸ் துணி வைத்துக் கட்டி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லி அனுப்புவார். செம்பனை மட்டையின் முள் கிழித்த கைக்கும், இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவரின் காலில் ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கும் அதே கட்டுதான். எங்கள் ஆய்வகத்தில் ஹைட்ரோஜெல் என்ற நீர் நிறைந்த கூழ்த் தாளால் கட்டுகள் செய்கிறோம் என்று சொன்னதும், "ஈரத்தை வைத்தா புண்ணைக் கட்டுவீங்க?" என்று என் அத்தை கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962இல் வெளியிட்ட சோதனையில், இளம் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான புண்களுள் சில பாலித்தீன் படலத்தால் மூடப்பட்டன. மற்றவை காற்றுப் படும்படி விடப்பட்டன. மூடிய புண்களில் புதிய மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. பொருக்குத் தட்டிய புண்ணில் தோலின் உயிரணுக்கள் ஈரத்தைத் தேடிப் பொருக்கின் அடியில் புகுந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பிலோ அவை தடையின்றி நகர்கின்றன. உலர்ந்த காஸ் துணிக்கு இன்னொரு குறையும் உண்டு. அதைப் பிரிக்கும்போது, அப்போதுதான் வளர்ந்த தோலும் அதனுடன் பிய்ந்து வருகிறது.

ஹைட்ரோஜெல் என்பது பெரும்பகுதி நீரைத் தன் வலைக்குள் பிடித்து வைத்திருக்கும் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள். போலந்தில் யானுஷ் ரோசியாக் குழுவினர் 1980களில் உருவாக்கிய செய்முறை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பாலிவினைல்பைரோலிடோன் என்ற பாலிமர், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஆகியவற்றை நீரில் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் அகார் அதைக் கையில் எடுக்கும் பதத்துக்கு உறையச் செய்கிறது. பிறகு உறையிட்டு மூடி, எலக்ட்ரான் கற்றையைச் செலுத்துகிறார்கள். கதிர்வீச்சினால் நீர் பிளந்து உண்டாகும் வினைமிகு துகள்கள் பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க, ஏறக்குறைய 25 கிலோகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கட்டு உறுதியாவதும் கிருமி நீங்குவதும் ஒரே சமயத்தில் முடிந்துவிடுகின்றன. சங்கிலிகளைப் பிணைக்கத் தனி இரசாயனம் தேவையில்லாததால், புண்ணில் கசியக்கூடிய நச்சு எச்சமும் இல்லை. பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகமையும் இவ்வழியில் பணியாற்றி, சவ்வரிசி மாவைச் சேர்த்த ஹைட்ரோஜெல்களையும் உருவாக்கியிருக்கிறது.

கதிர்வீச்சு குறைந்தால் தாள் கையோடு கிழிகிறது. பிணைப்பு மிகுந்தால் நீரை உறிஞ்சும் திறன் குறைந்து நொறுங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பதத்தைப் பிடிப்பதில்தான் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. மின்விசிறியின் கீழ் விளிம்பு உலர்வதும், வியர்வையில் ஒட்டு நழுவுவதும் வேறு தொல்லைகள்.

நல்ல தாளாக இருந்தால், தீக்காயத்தின் எரிச்சலைத் தணிக்கும் குளிர்ச்சியும், கட்டைப் பிரிக்காமலே புண்ணைப் பார்க்கும் வசதியும் கிடைக்கின்றன. இறந்த திசு இளகி, உடலின் சொந்த நொதிகளாலேயே கரைகிறது. ஆனால் நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு இது பொருந்தாது. சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போகும். இரத்த ஓட்டம் நின்று கருகிக் காய்ந்த விரலுக்கு ஈரம் கொடுப்பது ஆபத்து.

வெள்ளித் துகள் சேர்த்தேன், தேன் சேர்த்தேன் என்று வரும் ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டிலும், சாதாரண ஹைட்ரோஜெல்லை மலிவாகச் செய்து அரசாங்கக் கிளினிக்குகளுக்குக் கொண்டுசேர்ப்பதே எங்கள் ஊருக்கு முதல் தேவை என்பது என் கருத்து. நீரிழிவுக் கால் புண்களைப் பற்றிய 2013ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, ஆழமில்லாத புண்களில் ஹைட்ரோஜெல் சாதாரணக் கட்டைவிட மேலானதாக இருக்கலாம் என்று கூறினாலும், அடிப்படைச் சோதனைகளின் தரம் குறித்து ஐயம் தெரிவித்தது. சர்க்கரை கட்டுப்படாமல், புண்பட்ட பாதத்தின் மீது உடலின் பாரம் இறங்கிக்கொண்டே இருந்தால், எந்தத் தாளை ஒட்டியும் பயனில்லை. கட்டு எதுவாக இருந்தாலும், சிவப்பு பரவினாலோ, துர்நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.