முதலில் வீட்டுக்கு மகமை

காரைக்குடியில் ஒரு குடும்ப அறக்கட்டளைக்குச் சொந்தமான வாடகைக் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்வது இப்போது என் வேலை. செக்காலை, சுப்பிரமணியபுரம், கல்லூரிச் சாலைப் பக்கம் என்று மூன்று இடங்களில் கட்டடங்கள் இருக்கின்றன. எல்லாமே மூன்று மாடிக்குள் அடங்கியவை, லிப்ட் கிடையாது. வரும் வாடகையில் வசதியில்லாத பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் ஒரு கோயிலின் அன்னதானமும் நடக்கின்றன. குடியிருப்பவர்களில் மாற்றலாகி வந்த வங்கி ஊழியர்கள் உண்டு, அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் வேலை பார்ப்பவர்கள் உண்டு. கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்தை விட்டு வந்து தங்கியிருக்கும் பெண்களும், ஓய்வுபெற்ற தம்பதிகளும் உண்டு.

இதற்கு முன் சென்னையில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன். அமெரிக்காவில் உள்ள ஒரு ரியல் எஸ்டேட் டிரஸ்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுக்கும் வேலை. அந்த வீடுகளில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இன்று செக்காலையில் மொட்டைமாடிக்கு ஏறினால் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அந்தக் கணக்குகள்தான். வாடகை எவ்வளவு வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். வந்த வாடகையைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் வீட்டுக்கென்று எவ்வளவு எடுத்து வைத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு டிரஸ்டின் வீடுகள் நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது என்பது என் அனுபவம்.

ரீட் என்று சொல்லப்படும் அந்த டிரஸ்டுகளின் ஏற்பாடு எளிமையானது. பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள். முதலீட்டாளருக்குப் பங்கு உண்டு, வீட்டுச் சாவி கிடையாது. அமெரிக்காவில் 1960-இல் இதற்கான சட்டம் வந்தது. வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்; அப்படிக் கொடுத்த தொகைக்கு டிரஸ்ட் வரி கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014-இல் விதிகளைக் கொண்டுவந்தது, முதல் ரீட் 2019-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆனால் இங்கே சந்தைக்கு வந்த பெரிய ரீட்கள் அலுவலகக் கட்டடங்களையும் வணிக வளாகங்களையும்தான் வைத்திருக்கின்றன. குடியிருப்புப் பக்கம் அவை திரும்பாத காரணத்தைக் காரைக்குடியில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். 50 லட்சம் பெறுமானமுள்ள ஒரு பிளாட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். வருடத்துக்கு 1,44,000 ரூபாய். செலவைக் கழிப்பதற்கு முன்பே மூன்று சதவீதம் தேறவில்லை. அதே பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் இதைவிடக் கூடுதலாக வரும். அதனால் இங்கே வாடகை வீடுகள் தனியாட்களிடமும், எங்களுடையதைப் போன்ற அறக்கட்டளைகளிடமும்தான் இருக்கின்றன.

சென்னை அலுவலகத்தில் மாதா மாதம் எங்களுக்கு ரென்ட் ரோல் என்ற வாடகைப் பட்டியல் வரும். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. யார் குடியிருக்கிறார்கள், வாடகை என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பாக்கி எவ்வளவு, வீடு காலியா என்று எல்லாம் அதில் இருக்கும். கூடவே பழுதுப் புகார்களின் பட்டியலும் வரும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஏசி குளிரவில்லை என்பது போல. இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். எந்தக் கட்டடத்தில் புகார்கள் வாரக்கணக்கில் முடிக்கப்படாமல் கிடந்தனவோ, அங்கே ஒப்பந்தம் முடிந்ததும் ஆட்கள் கிளம்பினார்கள். கிளம்பிய வீட்டுக்குப் பெயின்ட், கார்பெட், சுத்தம் செய்யும் கூலி, அடுத்தவர் வரும்வரை வாடகை இல்லாத நாட்கள். முதலிலேயே அந்தக் குழாயைச் சரிசெய்திருந்தால் ஆகும் செலவு இதில் ஒரு துளி.

அப்புறம் தேய்மானம். அமெரிக்க வரிச் சட்டப்படி வாடகைக் குடியிருப்புக் கட்டடத்தின் மதிப்பை 27.5 வருடங்களில் வருமானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். கையை விட்டுப் போகாத பணம் அது, வெறும் ஏட்டுக் கழிவு. கட்டடமோ பெரும்பாலும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் ரீட்களின் லாபத்தைச் சொல்லும்போது கட்டடத் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிக் காட்டும் வழக்கம் வந்தது. 1991-இல் அந்தத் துறையின் சங்கமே அதற்கு ஒரு இலக்கணம் வகுத்தது. எஃப்எஃப்ஓ (ஃபண்ட்ஸ் ஃப்ரம் ஆபரேஷன்ஸ்) என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெந்நீர் ஹீட்டரும் கூரையும் நிஜமாகவே தேய்கின்றன. அதனால் கவனமாக இருப்பவர்கள் அந்தத் தொகையிலிருந்து, வழக்கமாக மாற்ற வேண்டியவற்றுக்கான செலவை மறுபடி கழித்துப் பார்ப்பார்கள். நான் முடித்துக் கொடுத்த அத்தனை கணக்கு வரிகளிலும் எனக்கு அதிக மரியாதை அந்த ஒரு வரியின் மேல்தான்.

90 சதவீதம் கொடுத்துவிட்டால் பழுது பார்க்க என்ன மிஞ்சும் என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்த 90, செலவும் தேய்மானமும் போன பிறகு நிற்கும் வருமானத்தில்தான் கணக்கு. ஏட்டில் கழித்த தேய்மானம் பணமாக டிரஸ்டின் கையில் இருக்கும். அதைக் கூரைக்குப் போடுவதா, அதையும் பிரித்துக் கொடுத்து முதலீட்டாளரை மகிழ்விப்பதா என்பது நடத்துபவர்களின் முடிவு. எங்கள் அறக்கட்டளையிலும் இதே குழப்பம் இருந்தது. வருமான வரி விதிப்படி அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்மத்துக்குச் செலவிட வேண்டும். "எண்பத்தஞ்சு போனா பதினஞ்சுதானே தம்பி இருக்கு, அதுல எங்க மராமத்து பாக்கிறது?" என்று ஒரு டிரஸ்டி கேட்டார். வாடகை ஈட்டும் கட்டடத்தைப் பராமரிக்கும் செலவு முதலில் கழிந்துவிடும், மிச்சத்தில்தான் அந்த 85 என்று ஆடிட்டரை வைத்து விளக்கிய பிறகுதான் அவர் சமாதானமானார்.

இந்த ஊரில் இருந்துகொண்டு மராமத்தின் அருமையை ஒருவருக்கு விளக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெரு நடந்தால் போதும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு என்று கட்டிய வீடுகள். ரங்கூன், பினாங்கு, கொழும்பில் தொழில் செய்த நகரத்தாரின் வருமானத்தில் எழுந்தவை. 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு அந்த வருமானம் அறுந்துபோனது. வீடுகளுக்கென்று தனி வரும்படி கிடையாது. புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை என்று பிரிந்த வீட்டில் தலைமுறை ஏற ஏறப் பங்காளிகள் பெருகினார்கள். எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, ஓடு மாற்றும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை. ஒரு ஓடு உடைந்தால் அந்த மழைக்கே கூரையின் மரச்சட்டம் நனைகிறது. சில மழையில் சட்டம் உளுத்து, சுவரில் தண்ணீர் இறங்குகிறது. கடைசியில் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. விடுதிகளாக மாறிய வீடுகள் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு வருமானம் இருக்கிறது, வந்ததில் ஒரு பகுதி திரும்ப அந்தக் கூரைக்கே போகிறது.

எங்கள் டிரஸ்டில் மூத்தவர் ஒரு ஆச்சி. எண்பதைத் தாண்டியவர், ஐந்தொகை என்ற வரவு-சொத்துக் கணக்கை வாசிக்கத் தெரிந்தவர். வாடகையில் நூற்றுக்குப் பத்து ரூபாயை மாதம் பிறந்ததும் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும், மராமத்தைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று நான் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் எல்லோரும் சதவீதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆச்சிதான், "இது புதுசா என்ன? எங்க அப்பச்சி கடையில மகமை எடுத்து வெச்சுட்டுத்தானே மத்த கணக்கு. இது வீட்டுக்கு மகமை" என்றார். அக்கரைச் சீமைகளில் கடை வைத்த நகரத்தார், கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒரு பங்கை அப்படித் தனியே வரவு வைத்தவர்கள். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது பேரேட்டிலேயே அந்தத் தலைப்புதான்.

ஆனால் அதே ஆச்சிதான் அடுத்ததாகக் கடினமான கேள்வியையும் கேட்டார். "சரி, இதனால இந்த வருசம் எத்தனை பிள்ளைகளுக்குப் பணம் கட்ட முடியாமப் போகும்?"

நியாயமான கேள்வி. எடுத்து வைக்கும் பத்து ரூபாய் எங்கிருந்தோ வரவில்லை, ஒரு பிள்ளையின் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. முதலீட்டாளருக்கு இந்தக் காலாண்டு கொஞ்சம் குறைந்தால் அவர் பொறுத்துக்கொள்வார். இங்கே கல்லூரியில் சேர்ந்துவிட்ட பெண்ணிடம் அடுத்த பருவத்துக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை அலுவலகத்தில் எனக்கு இந்தப் பாரம் இருந்ததில்லை. சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும்வரை குறைக்கவே கூடாது, புதிதாகச் சேர்ப்பதை மட்டும் ஒரு வருடம் சுருக்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த வருடம் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்தவன் நான். முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். படித்தது லேசாக இல்லை.

சரி, பணம் தனியாக இருக்கிறது. எப்போது செலவழிப்பது? இதற்கு நம் நாள்காட்டியே வழி சொல்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் குடிபோக மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியாகும் வீடு ஆவணி பிறக்கும்வரை சும்மாதான் கிடக்கும். அதை நஷ்டமாக எழுதாமல், ஆடியை மராமத்து மாதமாக வைத்துக்கொண்டேன். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடி வேலைக்கும் அதுதான் தோதான காலம். தட்டோடுகளுக்கு இடையில் பூச்சு விட்டுப்போனால் தண்ணீர் தளத்துக்குள் இறங்கும், கம்பி துருப்பிடித்து உப்பும், கீழ்வீட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். பூச்சு விட்ட நிலையில் பார்த்தால் கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவரும் போதும். கம்பி உப்பிய பிறகு பார்த்தால் அது வேறு பணம்.

அமெரிக்கக் குடியிருப்போர் செயலியில் புகார் எழுதுவார்கள். நம் மக்கள் சொல்ல மாட்டார்கள். கல்லூரிச் சாலைக் கட்டடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்குள் போனபோது குளியலறையில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். மேல்வீட்டுக் கசிவு. எத்தனை நாளாக என்று கேட்டேன். அந்த அம்மா, "எதுக்குத் தம்பி உங்களுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டோம். வாடகை ஏத்திருவீங்களோன்னும் இருந்துச்சு" என்றார். வாடகை ஏறும் என்ற பயத்தில் ஒரு குடும்பம் ஈரச் சுவரோடு வாழ்ந்திருக்கிறது. அதிலிருந்து புகாருக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீடாக நானே போய்க் குளியலறைக் கூரையையும் தொட்டியின் அடியையும் பார்க்கிறேன். பழுதுக்கும் வாடகைக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாகிவிட்டது.

ஒத்திக்கு விடலாமே என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. மொத்தமாகச் சில லட்சம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது, காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பித் தருவது. தனியாளுக்கு அவசரப் பணத் தேவை இருந்தால் உதவும். டிரஸ்டுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். மாதா மாதம் வரவு இல்லாத வீட்டுக்கு மகமை எதிலிருந்து எடுப்பது? வாங்கிய தொகை ஏதாவது நல்ல காரியத்துக்கே செலவாகிவிட்டாலும், திருப்பித் தரும் நாளில் இன்னொரு ஒத்திக்காரரைத் தேடி அலைய வேண்டும். மூன்று மாத முன்பணம் வாங்குகிறோம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வைத்த வரம்பும் அதுதான்.

சுப்பிரமணியபுரத்துக் கட்டடத்தில் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் உள்ளுக்குள் துருவேறி அடைத்திருக்கின்றன. மூன்றாம் மாடியில் காலை நேரத்தில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்ற மகமைக் கணக்கில் பணம் போதாது, படிப்புக் கணக்கிலிருந்து எடுக்க நான் கேட்கப் போவதில்லை. அதனால் இந்த ஆடியில் கிழக்கு வரிசை, அடுத்த ஆடியில் மேற்கு வரிசை. மேற்கு வரிசைக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும், அதுவரை தன் வாடகையில் கொஞ்சம் குறைக்கக் கேட்டிருக்கிறார். கேட்டதில் தவறில்லை. குறைக்கலாம் என்று எழுதி ஆச்சிக்கு அனுப்பியிருக்கிறேன்.