தட்டு இன்னும் சுழல்கிறது

மே 11

சுழல்கிறது. பிறகு டிக், டிக் என்று தட்டுகிறது, நிற்கிறது. மறுபடியும் சுழல்கிறது. அப்பாவின் சடங்குப் பாட்டுப் பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க். அதை ஃபோர்மட் செய்யவா, அதாவது வெறுமையாக்கவா என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு வயரைக் கழற்றினேன்.

மே 12

வார்ட்டில் பேச முடியாமல் கிடக்கும் அப்பா இன்று கொப்பியில் எழுதிக் காட்டியது ஒரே சொல்: "பதிவு?" தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவருடைய மூச்சுக் குழாயில் சளி அடைத்ததால் தாதி வந்துவிட்டார், மேலே பேசவில்லை.

மே 13

தட்டின் நலத்தைச் சொல்லும் மென்பொருள் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. நீலம் என்றால் நலம், சிவப்பு என்றால் கடைசி. மஞ்சளில் இன்னும் வழி இருக்கிறது.

இரவு முழுவதும் அந்தப் பட்டியலையே பார்த்தபடி இருந்தேன். 05 என்ற வரிசை பூச்சியம்: மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர், அதாவது தட்டில் தரவு பதியும் சிறு துண்டு, எதுவும் இல்லை. கேபிள் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் C7 வரிசையும் பூச்சியம், ஆகவே கேபிளைக் குறை சொல்ல முடியாது. C5தான் நெஞ்சை அடைக்கிறது. 68 என்று நிற்கிறது. அது பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண், நம் கணக்கில் 104. வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் அவை. அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதினால்தான் தட்டு முடிவெடுக்கும்: எழுத்து நின்றால் அந்த இடத்தையே வைத்துக்கொள்ளும், நிற்காவிட்டால் உபரி இடத்துக்கு மாற்றும். எப்படி முடிவெடுத்தாலும் பழையது போய்விடும். ஆகவே யாரும் எதையும் எழுதக் கூடாது. ஒரு எழுத்துக்கூட.

104ஐ எட்டால் வகுத்தால் 13. எண்ணுவது 512 பைட் செக்டர்களை, எட்டு சேர்ந்தால் உள்ளே 4096 பைட் கொண்ட ஒரு பெரிய செக்டர்; அப்படிப் பதின்மூன்று. பதின்மூன்றுதானே என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன். அவை எந்தக் கோப்பில் விழுந்திருக்கின்றன என்பதல்லவா கேள்வி?

மே 14

காத்தான்குடிக் கணினிக் கடைக்கார நானா தட்டைக் காதில் வைத்துக் கேட்டார். "செக்டிஸ்க் ஓட்டிப் பார்ப்போம் தங்கச்சி, அநேகமாகச் சரியாகிவிடும்." வேண்டாம் நானா என்றேன். அது கோப்பு அட்டவணையைத் திருத்தும் கருவி. திருத்துவது என்றால் எழுதுவது. சாகக் கிடக்கும் தட்டின் மேலேயே எழுதும். அதற்கு வேண்டியது விண்டோஸ் மறுபடி ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்பது, எனக்கு வேண்டியது அப்பாவின் குரல். முதலில் முழுப் பிரதி, திருத்தம் எல்லாம் பிரதியின் மேல். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். புதிய டிஸ்க்கை விலை குறைத்துத் தந்தார், பெட்டியைக் கழற்றி உள்ளே இருந்த தட்டையும் எடுத்துக் கொடுத்தார், நேரடியாகக் கணினிக்குள் சாட்டா கேபிளில் மாட்டும்படி.

மச்சான் தொலைபேசியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்கிறார். தட்டை வாசிக்கும் தலை அதற்கு மேலே நனோமீற்றர் கணக்கான உயரத்தில் பறக்கிறது. அங்கே ஒரு துளி ஈரம் படிந்தால் என்ன ஆகும்?

மே 15

கச்சான் காற்று. அறை கொதிக்கிறது. மின்விசிறியைத் தட்டின் பக்கம் திருப்பிவிட்டேன்.

மே 16

பழுதான தட்டைப் பிரதி எடுக்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ ஓடுகிறது. நல்ல இடங்களை முதலில் அள்ளுகிறது, அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப்போய்க் கடைசிக்கு வைக்கிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதை வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. மாலையில் கரண்ட் போனபோது என் கை நடுங்கியது. வந்ததும் மறுபடி தொடக்கினேன், ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே எடுத்தது. இந்த மென்பொருளை எழுதியவருக்கு அம்மனின் அருள் கிடைக்கட்டும்.

மே 17

சில இடங்களில் விறுவிறுவென்று ஓடுகிறது. சில இடங்களில் வேகம் பூச்சியத்தில் நின்றுவிடுகிறது. அப்போது அந்த டிக்.

மே 18

கோயில் பூசாரி கட்டாடியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளிர்த்திக்கு இந்த முறை பாடப்போகிறவர்கள் அப்பா இழுக்கும் அந்த இழுப்பைக் கேட்டுப் பழக வேண்டுமாம். உடுக்குக்காரருக்கும் வேண்டுமாம். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

C5 இப்போது 70. நம் கணக்கில் 112. ஒரு பெரிய செக்டர் கூடியிருக்கிறது.

மே 19

கோப்பு அட்டவணை வராவிட்டால், அது இல்லாமலே கோப்புகளைத் தேடியெடுக்கும் போட்டோரெக் இருக்கிறது. ஒலிப்பதிவுகளான வேவ் கோப்புகள் RIFF என்ற நான்கு எழுத்தில் தொடங்கும், அதைப் பிடித்துக்கொண்டு தேடும். ஆனால் பெயர்கள் வராது. எந்த ஆண்டு, எந்தச் சடங்கு, யார் பாடியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். பிரித்துச் சொல்லக்கூடியவர் வார்ட்டில் பேச்சில்லாமல் கிடக்கிறார்.

மே 21

பிரதி வந்துவிட்டது, அந்தச் சில துண்டுகளைத் தவிர.

மே 22

பிரதிக்கு இன்னொரு பிரதி எடுத்து அதில், கெட்ட டிஸ்க் பகுதிகளைச் சீராக்கும் டெஸ்ட்டிஸ்க்கைத் திறந்தேன். தொடக்கச் செக்டர் கெட்டிருக்கிறது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் அதன் நகலைப் பகுதியின் கடைசிச் செக்டரில் வைத்திருக்கும். அது நன்றாக இருந்தது. நகலை முன்னால் எழுதச் சொன்னேன்.

'வைகாசி' என்ற கோப்புறை. பெயரோடு. ஆண்டு வரிசையோடு. அம்மாவைக் கூப்பிட்டேன், என் குரலே எனக்கு வரவில்லை.

மே 23

வராத துண்டுகளில் ஐந்து, அடுத்தடுத்தாக, குளிர்த்திக் கோப்பில்தான் இருக்கின்றன. 4096 பைட் என்பது அந்தப் பதிவில் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன். ஐந்தும் சேர்ந்து பத்தில் ஒரு செக்கனுக்குச் சற்று மேல். டிடிரெஸ்க்யூ அங்கே பூச்சியங்களை விட்டிருக்கிறது, ஆகவே அமைதி. உடுக்கு ஏறி வரும் இடத்தில், அப்பா மூச்செடுக்கும் முன்னால், ஒரு வெட்டு.

யாருக்கும் கேட்காது என்கிறார் மச்சான். அப்பாவுக்குக் கேட்கும்.

மே 24

பின்பக்கமிருந்து வாசிக்க வைத்திருக்கிறேன். ஐந்தில் ஒன்று வந்தது!

மே 25

கட்டாடியார் வீட்டுக்குப் பென் டிரைவில் கொடுத்தாயிற்று, வெட்டோடு. பஸ் கல்லடிப் பாலம் ஏறும்போது மறுபடியும் கேட்டேன். இப்போது எனக்கு அந்த இடம் மட்டும்தான் கேட்கிறது.

மே 27

அப்பாவை நாளை விடுகிறார்கள். தட்டு இன்னும் நாலு துண்டில் மல்லுக்கட்டுகிறது. நாளை காலை பத்து முதல் இரண்டு வரை மின்வெட்டு என்று அறிவித்திருக்கிறார்கள். புறப்படும்முன் நிறுத்தச் சொல்லி அம்மா நிற்கிறார். இன்னும் ஒரு சுற்று போகட்டும்.