உண்ணாமலை ஆச்சி

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நேற்று ராத்திரி ஒரு மணிக்குத்தான் முடித்தேன், அப்புறம் தூக்கமே வரவில்லை. 1968-இல் வந்த நாவல். கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலில் இருக்கும் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை. 1956 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் பேச்சில் மலையாள வாடை அடிக்கும், முதலில் கொஞ்சம் திணறினேன், வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததும் வழிக்கு வந்துவிட்டது, அந்த வீட்டுப் பாட்டி உண்ணாமலை ஆச்சி பேசப் பேச எங்கள் அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே யார் யாருக்கு என்ன முறை என்று சொல்வதெல்லாம் அப்படியே காதில் கேட்டது.

நாகம்மைதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். கட்டிக்கொடுத்த வீட்டில், குறை அவள் உடம்பில்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஊரும் நம்புகிறது! கூடப் பிறந்த திரவி அதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்குகிற பக்கங்களில் எனக்கும் கோபம் பொங்கியது, சடங்குக்கும் சீருக்கும் கணக்குப் பார்க்கிற அத்தனை பெரியவர்களில் ஒருவராவது அவளிடம் நேராகக் கேட்டிருக்கக் கூடாதா?

முடிவைச் சொல்லமாட்டேன். இரணியல் பக்கத்து நண்பர்கள் இருந்தால், அந்தத் தெருக்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று சொல்லுங்கள், ஒருமுறை வந்து நடக்கவேண்டும்.