வைஃபை வராத ரவுட்டர்: செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

‘கொடுக்கப்பட்ட ரவுட்டரில் வயர்லெஸ் பகுதி இயங்கவில்லை. பழுதைக் கண்டறிந்து, முடிந்தால் சரிசெய்து, அறிக்கை எழுதுக.’ ஹார்டுவேர் - நெட்வொர்க்கிங் டிப்ளமாவின் இறுதிச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இவ்வளவுதான். மும்பையில் சயான், தாராவி, ஆன்டாப் ஹில் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்தப் படிப்பில் சேர்கிறார்கள். தேர்வு நெருங்கியதும் எல்லோரும் சால்டரிங் (ஈயம் வைத்துப் பற்றவைப்பது) பழக உட்கார்ந்துவிடுகிறார்கள். கேள்வியில் ‘முடிந்தால்’ என்று ஒரு சொல் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்தச் சொல்லுக்குத்தான் அதிக மதிப்பெண். வயர்லெஸ் பகுதி போர்டில் எங்கே, எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால், அதைச் சரிசெய்ய முடியுமா முடியாதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மூடியைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அடாப்டர். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான லாமிங்டன் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், யார் போய் ரவுட்டர் சிப் கேட்டாலும், “முதலில் வேறு அடாப்டர் போட்டுப் பார்த்தாயா தம்பி?” என்றுதான் கேட்பார். சரியான கேள்வி. வெறுமனே அளந்தால் 12 வோல்ட் காட்டும் பழைய அடாப்டர், ரவுட்டர் ஓடும்போது தாழ்ந்துவிடும். வயர்லெஸ் பகுதி சமிக்ஞை அனுப்பும் நொடியில் கரண்ட் அதிகம் இழுக்கும். அப்போது வைஃபை மட்டும் விழுந்து எழும், கேபிள் வழி இணையம் ஒழுங்காகவே போகும். ஆகவே ரவுட்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போது அளவெடுங்கள். அடுத்து, பின்புறம் இருக்கும் வைஃபை பொத்தான், அமைப்புகளில் நேர அட்டவணை, மறைக்கப்பட்ட வைஃபை பெயர். வைஃபை பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் ஓடும்; 5 ஜிகாஹெர்ட்ஸில் இன்னொரு பொறி உண்டு. சில சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் ரவுட்டர் பேசத் தொடங்கும். அதற்குள் ‘5 ஜிகாஹெர்ட்ஸ் இயங்கவில்லை’ என்று எழுதிவிட்டால் தேர்வு நடத்தும் தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவை எடுத்துவிடுவார்.

மூடியைத் திறக்காமலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை இருக்கிறது. இதைப் பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நல்ல ரவுட்டர் அங்கே −30 முதல் −40 டிபிஎம் வரை காட்டும் (இது சமிக்ஞை வலுவின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). அதே இடத்தில் −70 காட்டினால், அனுப்பும் பக்கத்தில் கோளாறு: ஆன்டெனா வயர் அறுந்திருக்கலாம், அல்லது சமிக்ஞையைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபயர் போயிருக்கலாம். அளவு நன்றாக இருந்தும் இணைய முயன்றால் ‘இணைக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறதா? கடவுச்சொல் சரியாக இருந்தால், ரவுட்டர் பேசுகிறது, காது கேட்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஏற்கும் பக்கத்து ஆம்ப்ளிஃபயரையோ, இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடும் ஸ்விட்சையோ நோக்கிப் போக வேண்டும். பெயரே தெரியவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் சிப் எழும்பவே இல்லை. இந்த மூன்றையும் மூன்று வரியில் அறிக்கையில் எழுதுங்கள். தேர்வாளர் தலையசைக்கும் இடம் அதுதான்.

இனி மூடியைத் திறக்கலாம். ரப்பர் பாதங்களுக்கும் லேபிளுக்கும் அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். லேபிளைக் கிழிக்கும் முன் மாடல் எண்ணையும், ஹார்டுவேர் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண் முக்கியம். ஒரே பெயரில் வரும் இரண்டு பதிப்புகளின் உள்ளே வேறு வேறு போர்டு இருக்கும். எஃப்சிசி எண் அச்சிட்டிருந்தால், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பல மாடல்களுக்கு உட்புறப் படங்களே கிடைக்கும். தேர்வறையில் இணையம் கிடையாது. வீட்டில் பழகும்போது, திறக்காமலேயே போர்டைப் படித்து, பிறகு திறந்து ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

வயர்லெஸ் பகுதி மூன்று விதமாக இருக்கும்.

முதல் விதம், தனி அட்டை. பழைய ரவுட்டர்களில் மினி பிசிஐ, பிறகு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற செருகு அட்டைகள். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி 2002-ல் வந்தபோது முதல் பதிப்பில் வயர்லெஸ் ஒரு மினி பிசிஐ அட்டையில்தான் இருந்தது. பிந்தைய பதிப்புகளில் அது போர்டோடு சேர்ந்துவிட்டது. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் முழு அட்டை 30 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய 51 மில்லிமீட்டர் நீளம், 52 முனைகள் (பின்கள்). ஒரு ஓரம் ஸ்லாட்டில் செருகியிருக்கும், எதிர் ஓரத்தை ஸ்க்ரூவோ கொக்கியோ பிடித்திருக்கும். மேலே சின்னஞ்சிறு வட்டப் பித்தளைப் பொத்தான் போன்ற இணைப்பிகளில் ஆன்டெனா வயர்கள் வந்து உட்காரும்.

இரண்டாம் விதம், போர்டிலேயே பற்றவைத்த தனி வயர்லெஸ் சிப். தகர மூடி போட்டிருப்பார்கள். அந்த மூடியிலிருந்து ஆன்டெனாக்களை நோக்கிப் போகும் தடங்களைப் பின்தொடர்ந்தால் வழியில் அரிசி மணியைவிடச் சிறிய பாகங்களும், ஆம்ப்ளிஃபயர் சிப்களும் வரிசையாக வரும்.

மூன்றாம் விதம், பிரதானச் சிப்புக்குள்ளேயே வயர்லெஸ். விலை குறைந்த ரவுட்டர்களில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் இப்படித்தான். இதில் மாணவர்கள் திணறுகிறார்கள். இல்லாத சிப்பைத் தேடிப் போர்டு முழுக்க லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒரே ரவுட்டரில் இரண்டு விதங்கள் கலந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 இரண்டாம் பதிப்பைத் திறந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கான கியூசிஏ9880 சிப் தனி அட்டையில் இருக்கிறது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பிரதானச் சிப்பான கியூசிஏ9558-க்குள் இருக்கிறது. 5 போனால் அட்டையை மாற்றலாம். 2.4 போய், வெளியே இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஆன்டெனாவும் நன்றாக இருந்தால், செய்வதற்கு எதுவும் இல்லை. பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான போர்டு எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த ஆன்டெனா எந்தப் பட்டைக்கு என்று கேட்பார்கள். நீளத்தைப் பார்த்துச் சொல்லலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு சுமார் 3 சென்டிமீட்டர், 5.5 ஜிகாஹெர்ட்ஸில் 14 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே பட்டைக்கான ஆன்டெனாவின் பிளாஸ்டிக் உறையை உருவினால், நுனியில் உறையில்லாமல் நீளும் கம்பி ஏறக்குறைய அந்த நீளத்தில் இருக்கும்.

மென்பொருள் வழியாகவும் அடையாளம் காண வேண்டும். போர்டில் நான்கு ஓட்டை வரிசையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கணினியிலிருந்து ரவுட்டரோடு பேச உதவும் சீரியல் கன்சோல். 3.3 வோல்ட் யூஎஸ்பி மாற்றியை இணைத்து, பெரும்பாலான போர்டுகளில் 115200 வேகத்தில், ரவுட்டர் எழும்பும்போது வரும் வரிகளைப் படிக்கலாம். 5 வோல்ட் மாற்றியைக் கொண்டுபோய் வைத்தால் அந்த முனை போய்விடும், மதிப்பெண்ணும் போய்விடும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருள் ஏற்றிய ரவுட்டராக இருந்தால், எழும்பும்போது அது எழுதும் கர்னல் பதிவில் வயர்லெஸ் சிப்பின் பெயர் வரும். அதே பதிவில் சிப்பை அடையாளம் காட்டும் பிசிஐ எண்களில் முதல் பாதி தயாரிப்பாளர்: 168சி என்றால் ஏதெராஸ், 14சி3 மீடியாடெக், 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக். எண்ணே வரவில்லை என்றால் அட்டைக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது அட்டையே செத்துவிட்டது. எண் வந்தும் டிரைவர் ‘அளவீட்டுத் தரவு இல்லை’ என்று புலம்பினால் அது வேறு கதை.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வயர்லெஸ் பகுதிக்கும் தொழிற்சாலையில் எடுத்த அளவீட்டுத் தரவு ஒன்று உண்டு. எந்தச் சேனலில் எவ்வளவு சக்தி என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஏதெராஸ் ரவுட்டர்களின் ஃபிளாஷ் நினைவகத்தில் ‘ஏஆர்டி’ என்ற பகுதியிலும், மீடியாடெக் ரவுட்டர்களில் பெரும்பாலும் ‘ஃபேக்டரி’ என்ற பகுதியிலும் அது இருக்கும். ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) மாற்றுகிறேன் என்று ஃபிளாஷ் முழுவதையும் அழித்துவிட்டால் நல்ல வன்பொருளும் ஊமையாகிவிடும். எதை எழுதும் முன்பும் அந்தப் பகுதியை நகலெடுத்து வையுங்கள். இன்னொரு போர்டிலிருந்து எடுத்த தரவைப் போட்டால் வைஃபை வரும். ஆனால் சக்தி அளவு துல்லியமாக இருக்காது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டார்கள். ஆர்ச்சர் சி7-இல் அட்டையை மாற்றினாலும் தரவு தாய்ப் போர்டின் ஃபிளாஷில்தான் தங்கியிருக்கிறது என்று சொன்னபோது, தேர்வாளர் இந்தியிலிருந்து மராத்திக்குத் தாவிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

அளவெடுப்பதில் வரிசை வேண்டும். அட்டை இருந்தால் ஸ்லாட்டில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 2-ஆம் பின்னும் 52-ஆம் பின்னும் அதற்கானவை. வரவில்லை என்றால் அட்டையைக் குறை சொல்ல வேண்டாம், போர்டில் வோல்ட்டேஜைக் குறைக்கும் பகுதியைப் பாருங்கள். தலை உப்பிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கண்ணுக்கே தெரியும். உப்பாமலே கெட்டதும் உண்டு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். ஜன்னலோரம் வைத்த ரவுட்டரில் ஆன்டெனா வயர் போர்டில் பற்றவைத்திருக்கும் இடம் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு அதைத் துடைத்து, புதிதாக ஈயம் வைத்தால் ரவுட்டர் எழுந்துவிடும் சந்தர்ப்பங்கள் அநேகம்.

ஆன்டெனாவை மல்டிமீட்டரில் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே ‘பீப்’ அடித்தால் உடனே ஷார்ட் என்று எழுதாதீர்கள். போர்டில் அச்சிட்ட சில ஆன்டெனாக்களின் வடிவமே நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட்டாகத்தான் காட்டும். வயரைத் தனியே கழற்றி, நடுக்கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்ச்சி பாருங்கள். பல ஆன்டெனா ரவுட்டரில் எது பழுது என்பதை ஓபன்டபிள்யூஆர்டியே காட்டிக்கொடுக்கும்: இணைந்திருக்கும் போனின் சமிக்ஞையை ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனியாகப் போடும். ஒன்று −46, இன்னொன்று −72 என்றிருந்தால் இரண்டாவதைத் தேடிப் போகலாம்.

அட்டை மாற்றுவது எளிது. வயர்களைக் கழற்றும் முன் எது எதில் இருந்தது என்று படம் எடுங்கள். போன் அனுமதிக்காத தேர்வறையில் தாளில் வரையுங்கள். அந்தப் பொத்தான் இணைப்பி சுமார் 30 முறை கழற்றி மாட்டத்தான் வடிவமைக்கப்பட்டது. பயிற்சி நிலையத்து ரவுட்டர் எத்தனை பேர் கையில் பட்டதோ, ஆகவே நேராக மேலே தூக்குங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆன்டெனா இல்லாமல் ரவுட்டரை ஓடவிடாதீர்கள்.

பற்றவைத்த சிப்பைத் தேர்வறையில் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பக்கத்து மேசையில் ஒருவர் ஹாட் ஏர் (சூடான காற்று வீசும் கருவி) கொண்டு தகர மூடியைத் தூக்கினார். மூடியோடு நான்கைந்து சின்னப் பாகங்களும் வந்தன. ஈயமில்லாப் பற்று 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், பழைய 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183-லேயே உருகிவிடும். சிப்பின் அடியில் பெரிய தரை (கிரவுண்ட்) இணைப்பு வேறு இருக்கிறது. கீழிருந்து சூடேற்றாமல் அது விடாது. ‘ஆம்ப்ளிஃபயர் பழுது, மாற்றப் பரிந்துரைக்கிறேன், செலவு புதிய ரவுட்டரை நெருங்கும்’ என்று எழுதினால் அது முழுமையான விடை. பிரதானச் சிப்புக்குள் பழுது என்றால் ரவுட்டரை அப்படியே வைத்து, அதன் லேன் துளையில் வைஃபை பரப்பும் வேறொரு அக்சஸ் பாயிண்டை இணைத்து, இரண்டாவதில் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியை நிறுத்திவிடலாம் என்று எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை வந்துவிடுகிறது.

வாய்மொழித் தேர்வில் சட்டமும் கொஞ்சம் வரும். இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையற்ற பட்டையானது 2005-ல்; 5 ஜிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018-ல் அப்படித் திறந்துவிடப்பட்டது. உரிமம் வேண்டாம் என்றாலும் சக்திக்கு உச்சவரம்பு உண்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள். பதில் இந்தியில் சொல்ல வராவிட்டால் ஆங்கிலச் சொற்களைப் போட்டு நிரப்பினால் போதும், யாரும் கோபிப்பதில்லை.

பழகுவதற்குப் போர்டு வேண்டுமே. சயானில் ஏறி, தாதரில் மேற்கு ரயிலுக்கு மாறி, கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் லாமிங்டன் ரோடு நடக்கும் தூரம். ஞாயிறு போக வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தாராவிக்காரர்கள் அவ்வளவு தூரம் போகும் முன் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பொருள் பிரிக்கும் இடங்களில் விசாரிக்கலாம். ‘செத்த ரவுட்டர்’ என்று கேட்காதீர்கள், கையில் கிடைத்ததைத் தள்ளிவிடுவார்கள். ‘பவர் விளக்கு எரிகிறது, வைஃபை மட்டும் வரவில்லை’ என்று கேட்டு, அங்கேயே அடாப்டரைச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.