பிரசெல்ஸ் நிர்வாகத் தாள்: ஜூனில் 8, செப்டம்பரில் 14

பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸின் நிர்வாகம் பற்றிய தாளுக்கு நேற்று மாலை மதிப்பெண் வந்தது. 20-க்கு 14. ஜூனில் இதே வாய்மொழித் தேர்வில் 8 வாங்கிவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இப்போதுதான் மூச்சு வருகிறது. பிரசெல்ஸ் வட்டாரத்தில் பிரெஞ்சு, டச்சு என்று இரண்டு ஆட்சிமொழி, 19 நகராட்சி, நாடாளுமன்றத்தில் 89 உறுப்பினர் எல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைக் கவிழ்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜூனில் நான் எடுத்த கேள்விச் சீட்டு: லிங்கெபேக் நகராட்சியின் ஒரு முடிவு, அலுவலகங்கள் எந்த மொழியில் இயங்க வேண்டும் என்று சொல்லும் மொழிச் சட்டத்தை மீறுகிறது என்று புகார். எந்த அதிகாரி பார்ப்பார்? 'பிரசெல்ஸ் துணை ஆளுநர்' என்றேன். அதோடு சரி, அப்புறம் சொன்ன எதுவும் எடுபடவில்லை. லிங்கெபேக் பிரசெல்ஸை ஒட்டி இருக்கிறது, அங்கே பிரெஞ்சு பேசுபவர்கள் அதிகம். ஆனால் அது அந்த 19 நகராட்சிகள் அடங்கிய இருமொழி மாவட்டத்தில் இல்லை, டச்சு மொழிப் பகுதியான ஃபிளெமிஷ் பிரபாண்ட் மாகாணத்தில் இருக்கிறது. பிரெஞ்சு பேசுபவர்களுக்கு மொழிச் சலுகை உள்ள, பிரசெல்ஸைச் சுற்றிய ஆறு நகராட்சிகளில் அதுவும் ஒன்று. அங்கே பார்க்க வேண்டியவர் அந்த மாகாண ஆளுநரின் இணை அதிகாரி. பிரசெல்ஸ் துணை ஆளுநரின் அதிகாரம் 19 நகராட்சிகளோடு நின்றுவிடும். 2014-இல் பிரசெல்ஸ் ஆளுநர் பதவியை எடுத்துவிட்டார்கள், துணை ஆளுநர் பதவி மட்டும் இருக்கிறது. இதையும் கேட்பார்கள்.

இரண்டாம் முறை என்னைக் காப்பாற்றியது ஒரே பழக்கம்: எந்தக் கேள்வி வந்தாலும், இதற்கான சட்டத்தின் பெயர் என்ன என்று முதலில் கேட்டுக்கொண்டேன். பெயர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

- ஆர்டினன்ஸ்: பிரசெல்ஸ் வட்டார நாடாளுமன்றம், அல்லது இரு சமூகங்களின் பொது ஆணையம் (பிரசெல்ஸில் இரு மொழியினருக்கும் பொதுவானவற்றைப் பார்ப்பது). நம் ஊர் அவசரச் சட்டத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். இது முறையாக விவாதித்து நிறைவேற்றும் சட்டம்.
- டிக்ரீ: சமூகங்கள், அதாவது பள்ளி போன்றவற்றை மொழிவாரியாகப் பார்க்கும் பிரெஞ்சு, ஃபிளெமிஷ் (டச்சு) ஆட்சி அமைப்புகள். 1994 முதல் பிரசெல்ஸில் பிரெஞ்சு மொழியினருக்கான பிரெஞ்சு சமூக ஆணையமும்.
- பிரசெல்ஸில் டச்சு மொழியினருக்கான ஃபிளெமிஷ் சமூக ஆணையத்துக்கு ரெகுலேஷன் (சட்டத்துக்குக் கீழான விதி) மட்டும்தான்.

பிரெஞ்சு, ஃபிளெமிஷ் ஆணையங்கள் இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்று கட்டாயம் கேட்பார்கள். பணத் தட்டுப்பாட்டில் இருந்த பிரெஞ்சு சமூகம் தன் பொறுப்புகளில் சிலவற்றைப் பிரெஞ்சு சமூக ஆணையத்துக்குக் கைமாற்றியது, அதோடு சட்டமியற்றும் அதிகாரமும் அங்கே போனது. ஃபிளெமிஷ் தரப்பு அப்படி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் சீட்டு: 19 நகராட்சிகளில் ஒன்றான ஸ்கார்பேக்கில் டச்சுப் பள்ளியில் படிக்கும் குழந்தை. பள்ளி யார் பொறுப்பு, குழந்தைகள் உதவித்தொகை யார் பொறுப்பு? பள்ளி ஃபிளெமிஷ் சமூகம், டிக்ரீ. உதவித்தொகை நேராகக் குடும்பத்துக்குப் போகிறது, நடுவில் ஒரே மொழியில் இயங்கும் நிறுவனம் எதுவும் இல்லை. அதனால் 2020 முதல் பொது ஆணையம், ஆர்டினன்ஸ். இந்த நகரில் இருமொழி என்பது ஆட்களின் அடையாளம் இல்லை, அலுவலகங்களின் கடமை. இதைச் சொன்னபோது பேராசிரியர் தலையசைத்தார். எனக்கு அதுவே போதும்.

மற்றவை:
- குழுவாகப் படிக்காதீர்கள். தனியாக நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.
- 2024 ஜூன் தேர்தலுக்குப் பின் பிரசெல்ஸ் வட்டார அரசு அமைவது ஏன் ஓராண்டுக்கு மேல் இழுத்தது என்று படியுங்கள். நாடாளுமன்றத்தின் பிரெஞ்சு, டச்சு என்ற இரு மொழிக் குழுவிலும் பெரும்பான்மை வேண்டும். டச்சுக் குழுவின் 17 பேரில் 9.
- தயாரிப்பு நேரத்தில் முதல் வேலையாகத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள்: ட்ரோகன்போஸ், கிராயினெம், லிங்கெபேக், சின்ட்-கெனேசியுஸ்-ரோடே, வெம்மெல், வெசெம்பேக்-ஓப்பெம். சலுகை உள்ள அந்த ஆறும் பிரசெல்ஸ் வட்டாரத்துக்கு வெளியே.